கொயில் மாற்றிய கடையும் ஒரு டோர்ச் பற்றரியும்

மட்டக்களப்பு நகரில் ஒலிபெருக்கி திருத்துவதையே தொழிலாகக் கொண்ட சிறிய கடையொன்றில், எனது 12 அங்குல ஸ்பீக்கருக்குக் கொயில் (உள்ளிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) மாற்றுவித்தேன். வைகாசிச் சடங்குக்கு இரவலாகப் போன பெட்டி அது. முதலில் கரகரத்து, விடியும்போது முற்றாக வாயடைத்துப் போயிருந்தது. (இரவல் கேட்டவர் உறவினர், அதற்கு மேல் எழுதுவதற்கில்லை.)

கடைக்காரர் கோனின் (அசைந்து ஒலியெழுப்பும் கூம்பின்) இருபுறமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். உள்ளே மணல் அரைபடுவது போலக் கேட்டது. மின்தடை அளக்கும் மீற்றரின் முள் அசையவேயில்லை. கழற்றிப் பார்த்தபோது, செம்புச் சுற்றுகள் கருகிக் கழன்று, காந்தத்தின் ஒடுங்கிய இடைவெளியில் உரசியிருந்தன. ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் மின்வலுவில் பெரும்பங்கு ஒலியாகாமல் வெப்பமாகவே கழிகிறது என்பதையும், அம்ப்பை (ஒலிபெருக்கிக்கு வலுவூட்டும் கருவியை) அதன் எல்லைக்கு மேல் முறுக்கினால் அலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகி அந்த வெப்பம் மேலும் கூடும் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார்.

பின்னர், தட்டிலிருந்த இன்னொரு ஸ்பீக்கரின் முனைகளில் 1.5 வோல்ற் டோர்ச் பற்றரியை ஒரு கணம் தொட்டுக் காட்டினார். ‘டக்’ என்ற ஒலியோடு கோன் முன்னே வந்தது; பற்றரியைத் திருப்பிப் பிடித்ததும் உள்ளே போனது. காந்தப் புலத்திலுள்ள கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் விசை பிறக்கும், ஓட்டம் திசை மாறினால் விசையும் திசை மாறும் என்று ஃபிளெமிங்கின் இடக்கை விதியைப் பாடசாலையில் விரல் விரித்துப் படித்த எனக்கு, அது கண்ணுக்குத் தெரிந்தது அன்றுதான்.

3 நாள் என்ற வேலை 11 நாளில் முடிந்தது. பற்றுச்சீட்டும் இல்லை. புதிய கொயில் 6 ஓமுக்குச் சற்று மேல் காட்டியதால், 8 ஓம் அல்லவா என்று கேட்டேன். மீற்றர் அளப்பது கம்பியின் நேரோட்டத் தடையை மட்டுமே, 8 என்பது ஆடலோட்டத்துக்கான (திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்துக்கான) பெயரளவுத் தடங்கல் என்றார், சரியான பதில். கூலியோடு வாங்கிய 6,500 ரூபாயும் நியாயமானதே.

ஆனால் வீட்டில் இதையும் இதன் சோடிப் பெட்டியையும் அருகருகே வைத்துப் போட்டபோது, தவிலின் தொப்பி ஒலி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) மெலிந்து கேட்டது. நானும் பற்றரியைத் தொட்டுப் பார்த்தேன். நேர்முனைக்கு நேர்முனை கொடுத்தும் கோன் உள்ளே போனது. கொயிலின் நுனிகள் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்ததால், ஒரு கோன் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்க, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்திருக்கின்றன.

மறுபடி கொண்டுபோனதும் கூலி வாங்காமல் மாற்றித் தந்தார். எனக்குக் காட்டிய அதே பற்றரியை எனது ஸ்பீக்கரிலும் ஒருதரம் தொட்டிருந்தால், நான் கல்லடிப் பாலத்தை இன்னொரு முறை கடக்க வேண்டி வந்திராது.