மூன்று டெனர் தட்டுகள்: நண்பருக்கு முதலில் எதைத் தருவது?

ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கும் எவரும் முதல் ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே பத்துத் தட்டுகளைத்தான் வாங்குகிறார்கள். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்', சானி ராலின்ஸின் 'சாக்சபோன் கொலோசஸ்' ஆகியவை இல்லாத அலமாரியை நான் பார்த்ததில்லை. அதில் தவறு ஏதும் இல்லை. அவை அந்தப் புகழுக்கு முழுத் தகுதி உள்ளவை. ஆனால் "அடுத்து என்ன கேட்கலாம்?" என்று அவர்கள் திரும்பிக் கேட்கும் நாளில், சேகரிப்பில் முன்னே சென்றவர்களாகிய நமக்கு ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது. அப்போது நாம் தரும் முதல் தட்டுதான், அவர் இந்த இசைக்குள் மேலும் நடப்பாரா அல்லது பத்துத் தட்டுகளோடு நின்றுவிடுவாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கோல்ட்ரேனையும் ராலின்ஸையும் விரும்பிக் கேட்ட ஒருவருக்கு, அதே டெனர் சாக்சபோனை (சற்றே தாழ்ந்த சுருதி கொண்ட சாக்சபோன் வகை) முன்னிறுத்தும், அதிகம் பேசப்படாத தட்டுகள் என்று எண்ணினால் என் மனத்தில் மூன்று போட்டியிடுகின்றன. டினா ப்ரூக்ஸின் 'ட்ரூ ப்ளூ', ஹரால்ட் லேண்டின் 'தி ஃபாக்ஸ்', கிளிஃபர்ட் ஜோர்டனின் 'கிளாஸ் பீட் கேம்ஸ்' என்பவையே அவை. முதலாவது 1960ஆம் ஆண்டு நியூயார்க்கின் ப்ளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவானது. இரண்டாவது 1959இல் லாஸ் ஏஞ்சலிஸில் பதிவானது. மூன்றாவது 1973இல் பதிவாகி, இசைக்கலைஞர்களே நடத்திய ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் நிறுவனத்தின் வழியாக 1974இல் இரட்டைத் தட்டாக வந்தது.

'ட்ரூ ப்ளூ'வைத்தான் சேகரிப்பாளர்கள் பலரும் முதலில் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிவந்தேன். ஹரால்ட் ஃப்ளாய்ட் ப்ரூக்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். சிறுவயதில் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயரே டினா. 1958 முதல் 1961 வரை அவர் தலைமையில் நான்கு பதிவுகளை ப்ளூ நோட் எடுத்தது. அவற்றில் அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்தது இது ஒன்றே. 'பேக் டு தி ட்ராக்ஸ்' என்ற அடுத்த தட்டுக்கு 4052 என்று எண் ஒதுக்கப்பட்ட பின்பும் அது கடைகளுக்கு வரவில்லை. போதைப் பழக்கத்தாலும் நோயாலும் நலிந்து, 1974இல் தம் 42ஆவது வயதில் அவர் மறைந்தார். தயாரிப்பாளர் மைக்கேல் கஸ்குனா ப்ளூ நோட் நிறுவனத்தின் கிடங்கில் இருந்த நாடாக்களைத் தேடி எடுத்ததும், மொசைக் நிறுவனம் 1985இல் நான்கு பதிவுகளையும் ஒரே பெட்டியில் வெளியிட்டதும் இல்லாமற்போயிருந்தால், ப்ரூக்ஸ் என்ற பெயரை இன்று சிலரே அறிந்திருப்பார்கள்.

தட்டில் ஆறு உருப்படிகள். ஐந்தை ப்ரூக்ஸே எழுதினார். ஃப்ரெடி ஹப்பார்ட் ட்ரம்பெட்டும், ட்யூக் ஜோர்டன் பியானோவும், சாம் ஜோன்ஸ் பாஸும், ஆர்ட் டெய்லர் டிரம்ஸும் வாசிக்கிறார்கள். ஹப்பார்டுக்கு அப்போது வயது 22. ஆறு நாள்களுக்கு முன்புதான் ஹப்பார்டின் முதல் தட்டான 'ஓப்பன் செசேமி'யில் ப்ரூக்ஸ் துணை வாசித்திருந்தார். ஆகவே இருவரின் ஊதலும் நெடுநாள் பழகியவர்களின் பேச்சைப் போல ஒன்றோடொன்று இசைந்து வருகிறது. ப்ரூக்ஸின் தொனியில் உறுமலோ இரைச்சலோ கிடையாது. துயரம் தோய்ந்த ஒரு கனிவு அதில் எப்போதும் இருக்கிறது. 'குட் ஓல்ட் சோல்' தொடங்கிய சில நொடிகளிலேயே அது கேட்பவரின் மனத்தில் இறங்கிவிடும். வேகமான உருப்படிகளிலும் அவர் சுரங்களைக் கொட்டுவதில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்து, மூச்செடுத்து, அதிலிருந்து அடுத்ததைப் பிறப்பிக்கிறார்.

இத்தனை நிறை இருந்தும் நான் ஏன் தயங்குகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். 'ப்ளூ ட்ரெயின்' கேட்டுப் பழகிய காதுக்கு 'ட்ரூ ப்ளூ' முதல் முறையிலேயே மிகவும் அறிமுகமானதாகத் தோன்றிவிடுகிறது. அதே நிறுவனம், அதே ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர், மெட்டு முடிந்ததும் வரிசையாக வரும் அதே வகைத் தனிவாசிப்புகள். ப்ரூக்ஸின் தனித்தன்மை நுட்பமானது. அது பிடிபட நாலைந்து முறையாவது கேட்க வேண்டும். இந்தத் தட்டை நான் கொடுத்தனுப்பிய நண்பர் ஒருவர் இரண்டு வாரம் கழித்து, நன்றாக இருந்தது என்று மனதாரச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அதைப் பற்றி அவர் என்னிடம் மேலும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என் பழைய பரிந்துரையை மறுபடி யோசிக்க வைத்தது.

'தி ஃபாக்ஸ்' அப்படிப்பட்ட மௌனத்துக்கு இடம் தராத தட்டு. அதன் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வது அவசியம். ஹரால்ட் லேண்ட் 1954இலும் 1955இலும் ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரௌன், டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் ஆகியோரின் புகழ்பெற்ற குழுவில் இருந்தவர். குடும்பத்தின் பொருட்டு அக்குழுவை விட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்பினார். அவருடைய இடத்துக்கு வந்தவர் சானி ராலின்ஸ். ராலின்ஸின் புகழ் உலகெங்கும் பரவியது, லேண்டின் பெயரோ கலிஃபோர்னியாவுக்குள் தங்கிவிட்டது. மேற்குக் கடற்கரை ஜாஸ் என்றாலே மென்மையான, குளிர்ந்த இசை என்ற எண்ணம் அன்றைய விமர்சனங்களில் வேரூன்றியிருந்ததால், அங்கே கறுப்பினக் கலைஞர்கள் வாசித்துவந்த சூடான ஹார்ட் பாப் (ப்ளூஸின் சாயல் தோய்ந்த ஜாஸ் வகை) இசைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, இத்தட்டை வெளியிட்ட ஹைஃபை நிறுவனம் ஜாஸுக்காக அறியப்பட்டதே அன்று. ஆர்தர் லைமனின் ஹவாய்த் தீவு இசையை விற்றுப் பெயர் பெற்றது. தயாரித்தவர் டேவிட் ஆக்ஸல்ராட் என்ற இளைஞர். 1960களில் சாக்சபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் தட்டுகளைத் தயாரித்தவரும், பிற்காலத்தில் தம் சொந்த இசைக்காகவே கொண்டாடப்பட்டவரும் அவர்தான்.

இந்தத் தட்டின் மையம், என் கணிப்பில், தலைவரான லேண்ட் அல்லர். பியானோ வாசிக்கும் எல்மோ ஹோப். நியூயார்க்கில் இரவு விடுதிகளில் வாசிக்கும் உரிமத்தை இழந்ததால் மேற்கே வந்து சேர்ந்தவர் அவர். ஆறு உருப்படிகளில் நான்கை அவர் எழுதியிருக்கிறார். ஹோப்பின் மெட்டு, முடிந்துவிடும் என்று காது நினைக்கும் இடத்தில் முடியாமல் இன்னொரு படி ஏறி, அங்கிருந்து வேறு பக்கமாக இறங்கி வரும். 'மிரர்-மைண்ட் ரோஸ்' என்ற மெதுவான உருப்படியில் அந்தத் திருப்பங்களை நிதானமாகப் பின்தொடரலாம். கேட்கக் கேட்க அது ஆழமாகிக்கொண்டே போகிறது. 'சிம்ஸ் ஏ-ப்ளெண்டி'யிலோ அதே குணம் நடையழகோடு வெளிப்படுகிறது.

அடுத்து, ட்ரம்பெட் வாசிக்கும் டூப்ரே போல்டன். இவரைக் கேட்பதற்காகவே இந்தத் தட்டைத் தேடி அலைந்தவர்கள் உண்டு, அவர்களில் நானும் ஒருவன். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்த போல்டனின் முழு ஆற்றலைக் காட்டும் தட்டுகள் இரண்டுதான்: இதுவும், சாக்சபோன் கலைஞர் கர்டிஸ் ஏமி 1963இல் வெளியிட்ட 'கட்டாங்கா!'வும். தலைப்பு உருப்படியான 'தி ஃபாக்ஸ்' பாயும் வேகத்தில் செல்கிறது, அந்த வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே செதுக்கியதுபோல விழுகிறது. பின்னால் ஃப்ராங்க் பட்லரின் டிரம்ஸ் ஒரு கணமும் தளர்வதில்லை. பாஸ் வாசிக்கும் ஹெர்பி லூயிஸுக்கு அப்போது 18 வயதுதான். கிளிஃபர்ட் பிரௌன் 1956இல் விபத்தில் மறைந்த பின் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது என்று வருந்துபவர்களுக்கு, அவ்விடத்துக்கு வந்திருக்கக்கூடிய ஒருவர் இருந்தார் என்பதற்கு இத்தட்டே சான்று. இதைக் கேட்ட நண்பர்கள் அனைவரும் "ட்ரம்பெட் வாசிப்பவர் யார்?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

குறையும் உண்டு. லேண்டின் டெனர் உறுதியும் தெளிவும் கொண்டது என்றாலும், ஹோப்பின் எழுத்துக்கும் போல்டனின் சீற்றத்துக்கும் இடையில் அது சில இடங்களில் பின்னுக்குப் போய்விடுகிறது. டெனர் சாக்சபோனுக்காகவே தட்டு தேடுபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

அந்த வகையில் 'கிளாஸ் பீட் கேம்ஸ்' மூன்றிலும் முழுமையானது. நான்கு பக்கங்களிலும் பன்னிரண்டு உருப்படிகளிலும் கிளிஃபர்ட் ஜோர்டன் மட்டுமே ஊதுகிறார், ட்ரம்பெட் இல்லை. பில்லி ஹிக்கின்ஸ் டிரம்ஸ் வாசிக்க, இரண்டு வெவ்வேறு நால்வர் குழுக்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்றில் ஸ்டான்லி கௌவெல் பியானோவும் பில் லீ பாஸும். மற்றதில் சீடர் வால்டன் பியானோவும் சாம் ஜோன்ஸ் பாஸும். கௌவெலின் பியானோ பரந்து விரிவது, வால்டனுடையது கட்டுக்கோப்பானது. இந்த வேறுபாட்டால் இரட்டைத் தட்டு முழுவதும் அலுப்பின்றி நகர்கிறது. சிகாகோவில் வளர்ந்த ஜோர்டனின் தொனி உலர்ந்த மரத்தைப் போன்றது: மினுக்கில்லை, ஆனால் உறுதியும் வெதுவெதுப்பும் உண்டு.

உருப்படிகளின் பெயர்களைப் படித்தாலே அவர் நோக்கம் தெரிகிறது. பாடகர் பால் ரோப்சன், இசையமைப்பாளர் கேல் மாஸி, சாக்சபோன் கலைஞர்கள் ஜான் கோல்ட்ரேன், எடி ஹாரிஸ் என்று மனிதர்களின் பெயர்களையே சூட்டியிருக்கிறார். மாஸி முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார். கோல்ட்ரேன் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 'ஜான் கோல்ட்ரேன்' உருப்படியில் அந்தப் பெயரையே நாமஜபம்போலக் குரலில் சொல்லிப் பாடுகிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்ப்பைத் தருகிறது. கௌவெல் எழுதிய 'மைமூன்' இந்த மூன்று தட்டுகளிலும் உள்ள மெல்லிய உருப்படிகளில் மிக அழகானது என்பேன்.

இந்தத் தட்டு பரவலாக அறியப்படாமல் இருந்ததற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. ட்ரம்பெட் கலைஞர் சார்ல்ஸ் டாலிவரும் கௌவெலும் 1971இல் தொடங்கிய ஸ்ட்ராட்டா-ஈஸ்டில், பதிவின் உரிமை கலைஞரிடமே இருக்கும். ஜோர்டன் இதற்கு முன்பே தம் முயற்சியில் மற்றவர்களின் இசையைப் பதிவு செய்து வைத்திருந்தார். சாக்சபோன் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸின் 'இசிஃபோ சாம்' போன்றவை அந்த வழியாகவே வெளிவந்தன. உரிமை கலைஞரிடம் இருந்தது பெரிய நீதி. ஆனால் ஊர் ஊராகத் தட்டுகளைக் கொண்டுசேர்க்கும் வலு அந்த ஏற்பாட்டுக்கு இல்லை.

இனி அச்சுகளைப் பற்றி. 'ட்ரூ ப்ளூ'வின் முதல் அச்சில், உள்வட்டத்தில் (அச்சிட்ட ஆலையின் அடையாளமான) காது வடிவக் குறியும் வான் கெல்டரின் முத்திரையும் இருக்கின்றனவா என்று விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆயினும் அந்த அச்சின் விலை சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாதது. ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் முதல் அச்சுகளும் அப்படியே. புதியவருக்கு ஒரு தட்டைச் சொல்லும்போது அச்சு, எண், விலை என்று பேச்சைத் தொடங்குவது பெரும் தவறு என்று உறுதியாக நம்புகிறேன். அப்படிப் பேசினால் அரிது என்பதே சிறப்பு என்று அவர் நினைத்துக்கொள்வார். மூன்றுக்கும் மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. 'தி ஃபாக்ஸ்' 1969இல் கன்டெம்பரரி நிறுவனத்தின் பெயரில் மீண்டும் வந்தது, பின்னர் ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் வரிசையிலும் வந்தது. இந்த அச்சுகள் கேட்பதற்கு எந்தக் குறையும் வைப்பதில்லை. ஒலியில் மட்டும் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும்: வான் கெல்டரின் பதிவில் சாக்சபோன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும், பியானோ சற்றே ஒடுங்கி ஒலிக்கும். ஹோப்பின் பியானோவை 'தி ஃபாக்ஸ்' அப்படி ஒடுக்கவில்லை. அவர் எழுதிய மெட்டுகளுக்கு அது பெரிய உதவி.

ஆகவே இன்று என்னிடம் யாராவது கேட்டால் 'தி ஃபாக்ஸ்' தட்டைத்தான் முதலில் எடுத்துத் தருகிறேன். என் சொந்த அலமாரியில் ஒன்றே ஒன்று மிஞ்சலாம் என்றால் 'கிளாஸ் பீட் கேம்ஸ்' மிஞ்சட்டும். ஆனால் இரட்டைத் தட்டு ஒரு புதியவரிடம் ஒன்றரை மணிநேரப் பொறுமையை எதிர்பார்க்கிறது என்று சொல்லாவிட்டாலும், மூன்று முறை எழுந்து பக்கம் மாற்றும் ஈடுபாட்டைக் கட்டாயம் கேட்கிறது. அந்த ஈடுபாட்டை 'தி ஃபாக்ஸ்' முதலில் உண்டாக்கித் தரும். அதைக் கேட்டுவிட்டுக் கேள்விகளோடு திரும்பி வருபவரிடம் மற்ற இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறேன். இரண்டிலும் அதே சாம் ஜோன்ஸின் பாஸைக் கேட்கலாம். 1960இல் ப்ரூக்ஸுக்குப் பின்னாலும் 1973இல் ஜோர்டனுக்குப் பின்னாலும் அவருடைய பாஸ் எப்படி நடைபோடுகிறது என்பதை அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் கேட்கும்படி சொல்லி அனுப்புகிறேன்.