அண்ணன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன், 2,74,000 ராண்ட் போச்சு

இன்று காலை டர்பன் மாஸ்டர் ஆபீசில் (இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) அப்பாவின் ஃபைலைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் கை நடுங்குகிறது. நான் 2,74,000 ராண்ட் பெற்றுக்கொண்டதாக அதில் ஒரு ரசீது. கீழே இருப்பது என் கையெழுத்தேதான். ஒரு சென்ட் கூட என் கைக்கு வரவில்லை.

அப்பா போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. உயில் இல்லை. அம்மா முன்பே போய்விட்டார். அண்ணன், நான், ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் லெனேசியாவில் இருக்கும் தங்கை, மூன்றே பேர். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்த வீடுதான் சொத்து. உயில் இல்லாவிட்டால் தென்னாப்பிரிக்காவின் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சம பங்கு, மகன் மகள் என்ற பேதம் கிடையாது. அண்ணனே எக்சிக்யூட்டராக, அதாவது சொத்தை விற்றுக் கடனை அடைத்துப் பங்கு பிரித்துக் கொடுப்பவராக, இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டோம். வெளியாள் என்றால் பொதுவாக ஜாமீன் கேட்பார்கள், இறந்தவரின் பிள்ளைக்கு அது வேண்டாம். அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று இப்போதுதான் புரிகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம். சாப்பிட்ட இலைகளைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் அண்ணன் வந்தார். கூடவே பத்திர வேலை செய்துதரும் ஒரு ஆபீஸின் பையன். "பாப்பா, அஞ்சு இடத்துல போட்டுடு. திரும்பத் திரும்ப உன்னை அலைய வைக்க வேணாம்னு பாக்குறேன்" என்றார். அப்பாவும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டேன். கடைசித் தாளில் தொகையும் இல்லை, தேதியும் இல்லை. கேட்டேன். "வெறும் ஃபார்மாலிட்டிதான் ஆன்ட்டி" என்றான் அந்தப் பையன். அண்ணன் என் தோளைத் தட்டினார். அவ்வளவுதான்.

அந்தத் தாள்தான் ரசீது.

வீடு 9,00,000-க்குப் போயிருக்கிறது. எக்சிக்யூட்டர் கட்டணம் 3.5 சதவீதம், அதாவது 31,500. ஈமச் செலவு, முனிசிபாலிட்டி பாக்கி எல்லாம் 46,500. மீதி 8,22,000, மூன்று பங்கு. கணக்கில் குற்றமே இல்லை. என் பங்கு 2,74,000 என்று அழகாக எழுதியிருக்கிறது. பணம்தான் வரவில்லை.

எட்டு மாதம் அந்தப் பத்திர ஆபீசுக்குப் போன் செய்தேன். "சிஸ்டம் ஆஃப்லைன்", "ஃபைல் இன்னும் வரவில்லை", "அடுத்த வாரம் கூப்பிடுங்கள்". அப்புறம், "எக்சிக்யூட்டர்தான் எங்கள் கட்சிக்காரர், உங்களிடம் பேச முடியாது." போன வாரம் தங்கை கேட்டாள்: "அக்கா, உனக்கும் பணம் வந்துடுச்சுல்ல?" அவளுக்கு வந்துவிட்டது! காரியத்தன்று மூன்று மணிக்கே ஜோபர்க் கிளம்பிவிட்டாள், அந்தத் தாளில் அவள் கையெழுத்துப் போடவில்லை. வித்தியாசம் இது ஒன்றுதான்.

அண்ணனிடம் கேட்டதற்கு, "உன் கல்யாணத்துக்கு அப்பா செய்யலையா?" என்றார். பத்திர ஆபீசில், "ரசீது ஃபைலில் இருக்கு, எங்கள் வேலை முடிந்தது."

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். தொகை எழுதாத ரசீதில் யார் சொன்னாலும் கையெழுத்து வேண்டாம், பணம் பேங்கில் ஏறிய பிறகு போடுங்கள். எஸ்டேட் நம்பரை, அதாவது இறந்தவரின் சொத்து ஃபைலுக்கு மாஸ்டர் ஆபீஸ் தரும் எண்ணை, முதல் நாளே வாங்குங்கள். எக்சிக்யூட்டர் போடும் சொத்துக் கணக்கு பொதுவாக ஆறு மாதத்துக்குள் மாஸ்டரிடம் போக வேண்டும், பிறகு 21 நாள் பார்வைக்கு வைப்பார்கள். கெஜட்டிலும் பேப்பரிலும் அறிவிப்பு வரும், உங்களுக்கு யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். நான் அதைத் தவறவிட்டேன். எஸ்டேட் பெயரில் உள்ள பேங்க் கணக்கின் ஸ்டேட்மென்டைக் கேளுங்கள். தராவிட்டால் மாஸ்டருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாயால் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நாளை காலை லாயரைப் பார்க்கிறேன். குடும்ப மானத்தை வாங்காதே என்று இப்போதுதான் அண்ணி மெசேஜ் அனுப்பியிருக்கிறார். என் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு நான் நம்பியிருந்தது அந்த 2,74,000 ராண்டைத்தான்.