லொக்லைன்: சூத்திரமா, கேள்வியா, முரணா?

திரைக்கதை எதைப் பற்றியது என்பதை ஓரிரு வரியில் சொல்வதுதான் லொக்லைன். ஒரே கதைக்கு அதை மூன்று விதமாக எழுதலாம். எது எங்கே எடுபடும் என்பதை ஒரு யாழ்ப்பாணக் கதையை வைத்தே பார்ப்போம். காணி உறுதி (பத்திரம்) எழுதும் நொத்தாரிசு ஒருவர், இடம்பெயர்ந்து போன ஒருவரின் காணிக்கு முன்பு கள்ள உறுதி முடித்துக் கொடுத்தவர். இப்போது அந்த நொத்தாரிசின் மகளுக்குச் சீதனமாக வந்திருப்பதும் அதே காணிதான்.

முதலில் சூத்திர வரி. யார், என்ன நடந்தது, அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தோற்றால் என்ன போகும் என்ற ஐந்தையும் நிரப்பச் சொல்வார்கள். அநேகமானோர் எழுதுவது இப்படித்தான் வந்து நிற்கும்:

"ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவர், மகளின் சீதனக் காணியின் உறுதி கள்ளமென்று அறிந்து, கலியாணத்துக்கு முன் உண்மையான உரிமையாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும்."

ஆள் இருக்கிறார், சம்பவம் இருக்கிறது, இலக்கும் இருக்கிறது. தடையும் இழப்பும் இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, கள்ளம் செய்தவர் அவரேதான் என்ற விசயம் வரியிலிருந்து விழுந்துபோனது. ஆனாலும் சூத்திரத்தை ஒதுக்கிவிட முடியாது. ஐந்து கட்டத்தையும் நிரப்பும்போதுதான் கதையின் பொத்தல் தெரியும். நொத்தாரிசின் வீட்டுக்கே அந்தக் காணி வருகிறதென்றால் அவருக்கு எப்படித் தெரியாமல் போனது? கனடாவிலுள்ள மகன் தரகர் மூலம் வாங்கி, உறுதியை வேறொரு நொத்தாரிசிடம் முடித்திருந்தால் சரி. நூறு பக்கம் எழுதிய பிறகு வர வேண்டிய கேள்வி, ஒரு வரியிலேயே வந்துவிட்டது.

இரண்டாவது, கேள்வி வரி:

"கள்ள உறுதி முடித்துக் கொடுத்த நொத்தாரிசின் மகளுக்கே அந்தக் காணி சீதனமாக வந்தால்?"

கேட்டவுடன் காது கொடுக்க வைக்கும். தேத்தண்ணிக் கடையில் நண்பருக்குச் சொல்ல இதுபோல் ஒன்று கிடையாது. விண்ணப்பப் படிவத்தில் மட்டும் போடக்கூடாது. அவர் என்ன செய்கிறார் என்று இதில் ஒரு சொல்லும் இல்லை. முதல் இருபது நிமிடத்துக்குப் பிறகு படம் எங்கே போகும் என்று வாசிப்பவருக்குத் தெரியாது. எழுதியவருக்கும் தெரியாதோ என்ற சந்தேகம் வந்துவிடும். பெரும்பாலும் அந்தச் சந்தேகம் சரியாகவே இருக்கும்.

மூன்றாவது, முரணை முன்னால் வைக்கும் வரி:

"ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவர் முன்பு கள்ள உறுதி முடித்துக் கொடுத்த காணியே அவர் மகளுக்குச் சீதனமாக வந்து சேர்கிறது. கலியாணத்துக்கு முன் உண்மையான உரிமையாளரிடம் போனால் அவருக்கு மறியல். போகாவிட்டால் மகள் நடுத்தெருவில்."

24 சொற்கள். இதில் தடை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை, அவருடைய பழைய கையெழுத்தே அவரைத் தடுக்கிறது. ஒரு குறையும் உண்டு: இக்கட்டு இருக்கிறது, செயல் இல்லை. துப்பறியும் கதையாகவோ துரத்தல் கதையாகவோ எடுப்பதென்றால் அவர் எதைத் தேடி எங்கே போகிறார் என்றும் சொல்லியாக வேண்டும். குடும்பக் கதைக்கு இந்த அளவு போதும்.

இதை ஏன் மூன்று வசனமாக உடைத்தோம் என்றால், ஆங்கில லொக்லைனுக்குச் சொல்லும் "ஒரே வசனம், 25 முதல் 35 சொல்" என்ற கணக்கு தமிழில் கழுத்தை நெரிக்கும். தமிழில் அடைமொழியெல்லாம் முன்னுக்கும் வினை கடைசியிலும் வரும். ஒரே வசனத்தில் அடைத்தால் கிடைப்பது இதுதான்: "தான் முன்பு கள்ள உறுதி முடித்துக் கொடுத்த, மகன் தரகர் மூலம் வாங்கிய, மகளுக்குச் சீதனமாக வரவிருக்கும் காணியின் உண்மையான உரிமையாளரைத் தேடும் நொத்தாரிசின் கதை." கதாநாயகன் வந்து சேர்வதற்குள் வாசிப்பவர் களைத்துவிடுவார். "இன் கதை" என்று முடித்தால் வினையும் இல்லை. வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் தமிழில் 18 முதல் 25 சொல்லே தாராளம். பதினைந்து நிமிடக் குறும்படமென்றால் 15 சொல், ஒரே ஒரு திருப்பம்.

எந்த வகையானாலும் கெடுப்பவை சில. "சிவராசா என்பவர்" என்ற பெயரால் பயனில்லை, தொழிலும் நிலையும்தான் ஆளைக் காட்டும். "எதிர்பாராத திருப்பங்கள்" என்றால் திருப்பம் எதுவென்று எழுதியவருக்கே தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் அதிகம் காண்பது "போருக்குப் பின்னான வாழ்வின் வலியைப் பேசும் படைப்பு" என்ற ரகம். அது கருப்பொருள், அதற்குள் யாரும் எதையும் செய்யவில்லை. "உறுதி உண்டு, உண்மை இல்லை" போன்றவை போஸ்ரரில் போடும் வரி. அதை லொக்லைன் என்று அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, திரைக்கதை தொடங்கமுன் சூத்திரம், அனுப்பும்போது முரண். ஹொலிவூட்டில் இன்னும் படமாகாத, பலருக்குப் பிடித்த திரைக்கதைகளைத் தொகுத்து 2005 முதல் வருடாவருடம் வெளியாகும் பிளக் லிஸ்ற் பட்டியலில் தலைப்போடு போவதும் ஒரு லொக்லைன்தான். யாழ்ப்பாணச் சர்வதேச திரைப்பட விழாவுக்கு அனுப்பினாலும் கொழும்புத் தயாரிப்பாளரிடம் கொடுத்தாலும், முதலில் படிக்கப்படப் போவது அந்த வரிதான். கதை தெரியாத ஒருவருக்கு ஒருதரம் வாசித்துக் காட்டி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் விட்டுவிடும் சொற்களை வெட்டலாம். முரணையே விட்டுவிட்டால் வரியைத் திரும்ப எழுத வேண்டியதுதான். முடிவை லொக்லைனில் சொல்ல வேண்டாம். கதைச்சுருக்கத்தில் அதை ஒளிக்கவும் வேண்டாம்.