கணபதியில் வாங்கிய பேடாக் ஸ்டாண்டு: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் செயினைத் துடைப்பதென்றால், ஒரு சாண் துடைத்துவிட்டு, எழுந்து வண்டியைத் தள்ளி, மறுபடியும் குந்தி அடுத்த சாணைத் துடைக்க வேண்டும். அந்தச் சலிப்பு தாங்காமல், கோவை கணபதியில் லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே பெயர்ப்பலகைகூட இல்லாத ஓர் இடத்தில், 1,600 ரூபாய் கொடுத்து பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் இந்தப் பேடாக் ஸ்டாண்டை வாங்கினேன்.

குழாய் கனமானது, வெல்டிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதன் உண்மையான பயன் செயினின் தொய்வை அளக்கும்போதுதான் தெரிகிறது. செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை என்பதால், சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் அளக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்குவதால் அளவு மாறிவிடும். இதுவோ பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மையே தாங்குவதால், வண்டி தரையில் நிற்கும்போது இருக்கும் தொய்வை ஏறக்குறைய அப்படியே காட்டுகிறது. சோம்பல்பட்டு என்ஜினை ஓடவிட்டுச் சக்கரத்தைச் சுற்றவைத்தால் விரல் போய்விடும்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, வால்பாறை மழையில் நனைந்து திரும்பிய மறுநாள், சீமெண்ணெயும் பிரஷும் திருப்பூர் பனியன் வேஸ்டும் கொண்டு இருபது நிமிடத்தில் செயினைச் சுத்தம் செய்து, உட்புறமாக 90 கியர் ஆயில் விட்டு முடித்தேன். (ரப்பர் வளையங்கள் உள்ள ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் ஆகாது, ரப்பர் கெட்டுவிடும்.) முன்பெல்லாம் இதற்கே அரை நாள் போகும்.

குறை, ஸ்விங்ஆர்மைத் தாங்கும் ரப்பர் கட்டைகளில் இருக்கிறது. இரண்டாம் மாதமே ஒன்று கழன்று விழுந்ததில் ஸ்விங்ஆர்மில் கீறல் விழுந்தது. கொண்டுபோய்க் காட்டியபோது, மறுப்பேதும் சொல்லாமல் வேறு கட்டை ஒட்டிக் கொடுத்தார்கள், அதுவும் தீபாவளிக்குள் பிய்ந்தது. இப்போது பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றி வைத்திருக்கிறேன், அசையவில்லை. அடியிலுள்ள சிறு சக்கரங்கள் டைல்ஸ் தரையில் நன்றாக உருள்கின்றன. காரை பெயர்ந்த எங்கள் வாசலில் சிக்கிக்கொள்கின்றன.

தனியாளாகத் தூக்கப் பழக நாலைந்து முறை ஆகும். வாங்கிய அன்று பட்டறைக்காரர், "ஃப்ரண்ட் பிரேக்கக் கட்டிட்டுத் தூக்குங்ணா, இல்லீன்னா வண்டி முன்னால ஓடிரும்" என்றார். அதைப் பொருட்படுத்தாமல் தூக்கிய முதல் நாளே வண்டி நகர்ந்து, ஸ்டாண்டு என் கால்கட்டைவிரல் மேல் விழுந்தது. அன்றிலிருந்து பிரேக் லீவரைக் கட்டுவதற்கும் அதே சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன்.