எச்சரிக்கை: ‘மூன்று டன்’ ஜாக் ஸ்டாண்டும் 400 வெள்ளி டூல் செட்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் போர்ச்சில், ஜாக் ஸ்டாண்டின் மேல் (தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் இரும்புக் கால்) நின்றிருந்த என் மைவி கார் கீழே விழுந்தது. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகன், பதினாறு வயதுப் பையன், “நானும் கத்துக்கிறேன் மாமா” என்று கூடவே நின்றான். கார் விழுந்த அந்த நொடியில், டயர் கழற்றிய இடத்துக்குள் கையை விட்டு பிரேக் டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஸ்டாண்டு ‘டங்’ என்று இறங்கி ஒரு பக்கம் சாய்ந்தது. கார் முக்கால் சாண் உயரம் இறங்கி, கழற்றிய டயரின் மேல் உட்கார்ந்தது. அந்த டயரைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்கவைத்தது நான்தான். அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம். எந்த ஸ்டாண்டு வைத்தாலும், கழற்றிய டயரை அடியில் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கச் சொல்வார். அது இல்லையென்றால் ஏறக்குறைய ஒரு டன் இரும்பு எங்கே போய் நின்றிருக்கும் என்று இன்னும் இரவில் யோசிக்கிறேன். பையனுக்கு மணிக்கட்டில் ஒரு நீளமான சிராய்ப்பு, அவ்வளவுதான். அக்காவிடம் போன் செய்து சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

இதை இங்கே எழுதக் காரணம், அந்த ஸ்டாண்டை விற்றதைப் போன்ற கடை மறுபடியும் வேறு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), வேறு பெயரில் திறக்கும். வீட்டிலேயே சின்ன வேலைகளைச் செய்து பட்டறைச் செலவை மிச்சப்படுத்த நினைக்கும் நம்மைப் போன்றவர்கள்தான் அங்கே போய் நிற்போம்.

நான் வாங்கிய இடம், பினாங்குத் தீவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். மூன்று வார விற்பனை மட்டும் என்று வாசலில் துணிப் பதாகை. உள்ளே மேசை மேசையாக டூல் பெட்டிகள். நின்ற பையன் தமிழில் பேசினான். “அண்ணே, இது எக்ஸ்போர்ட் சரக்கு. ஜெர்மனிக்குப் போக வேண்டிய கண்டெய்னர், ஷிப்பிங் தகராறுல இங்கயே நின்னுடுச்சு. உடைஞ்சா கொண்டு வாங்க, ஒரு கேள்வி கேக்காம மாத்தித் தர்றோம்.” நம் மொழியில் ஒருவர் அண்ணே என்று கூப்பிட்டால் மனசு இளகிவிடுகிறது. அதை அவர்கள் தெரிந்துதான் செய்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

216 துண்டு சாக்கெட் செட் (போல்ட், நட்டுத் தலையில் மாட்டித் திருகும் குழல்கள்) 189 வெள்ளி, அதாவது ரிங்கிட். டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவு வலுவில் இறுக்கும் கருவி, அந்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும்) 65. ட்ராலி ஜாக்கும் இரண்டு ஸ்டாண்டும் சேர்த்து 150. மொத்தம் 404, ரொக்கம் என்பதால் 400 போதும் என்றான். கார்டு மெஷின் கெட்டுப்போயிருந்தது. ரசீது என்று ஒரு சின்னக் காகிதம் கொடுத்தான். அதில் கடைப் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, ‘டூல்ஸ் 400’ என்று கையெழுத்தில் மட்டும். பின்பக்கம் ஒரு முத்திரை: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று மலாயில். மாற்றித் தருவதாக வாயால் சொன்னதும் முத்திரையில் இருந்ததும் நேரெதிர். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைப் பார்த்தேன்.

216 என்ற எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஸ்க்ரூடிரைவர் பிட். பிறகு ஆலன் கீ, பிளாஸ்டிக் கிளிப். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த நம் ஊர்க் கார்களில் அடிக்கடி கேட்பது 8, 10, 12, 14, 17, 19, 21 எம்எம். இந்தப் பெட்டியில் 16, 18, 20 எல்லாம் வரிசையாக இருந்தன. டயர் நட்டுக்கு வேண்டிய 21 இல்லை.

சாக்கெட் ஒவ்வொன்றிலும் குரோம் வனேடியம் (நல்ல டூல்களுக்குப் பயன்படும் கடினமான எஃகு) என்பதன் எழுத்துகள் பொறித்திருந்தன. பளபளப்பு கண்ணைப் பறித்தது. முதல் வாரமே பிரேக் காலிப்பர் போல்ட்டைக் கழற்றப் போனபோது சாக்கெட்டின் வாய் விரிந்து, போல்ட்டின் தலை மூலை மழுங்கிவிட்டது. ஜெலுத்தோங் பட்டறை ஃபோர்மேன் அதை வெட்டி எடுத்துப் புதியது போட 80 வெள்ளி ஆனது. அவர்தான் ஒரு அரத்தை எடுத்து சாக்கெட்டின் ஓரத்தை உரசிக் காட்டினார். அப்பாவின் பழைய சாக்கெட்டை அப்படி உரசினால் சிரமப்பட்டுத்தான் ஒரு கீறல் விழும். இதில் மேல்பூச்சு உரிந்து, அடியிலிருந்து அலுமினியம்போலத் தூள் உதிர்ந்தது. வெறும் மென்மையான இரும்புக்குக் குரோம் பூசி எழுத்தைப் பொறித்திருக்கிறார்கள். எழுத்தைப் பொறிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லையே. இன்னொன்றும் சொன்னார்: அந்த சாக்கெட்டுகளின் உள்வாய் பன்னிரண்டு முனை. இறுகிப்போன போல்ட்டுக்கு ஆறு முனைதான் வேண்டும். ஆறு முனை போல்ட்டின் பக்கங்களைப் பிடிக்கும், பன்னிரண்டு முனை மூலைகளைத்தான் பிடிக்கும், அதனால் சீக்கிரம் மழுங்கடிக்கும்.

அப்போதே மற்றவற்றையும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 80 வெள்ளி போனதைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

அடுத்தது டார்க் ரெஞ்ச். என் மைவிக்கு டயர் நட்டை 103 நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும். அந்த அளவில் வைத்து இறுக்கினேன், ‘கிளிக்’ கேட்கவேயில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிய பிறகுதான் கேட்டது. இரண்டாவது தடவை அதே டயரைக் கழற்றி மாட்டியபோது ஒரு ஸ்டட் (டயர் நட்டு மாட்டும் திருகுத் தண்டு) முறிந்து கையோடு வந்தது.

டார்க் ரெஞ்ச் சரியா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம், அதற்காக இதை விவரமாக எழுதுகிறேன். ரெஞ்சின் சதுரத் தலையை வைஸில் (மேசையில் பொருத்திய பிடிப்பானில்) இறுக்கிப் பிடித்து, கைப்பிடி தரைக்குக் கிடையாக நிற்கும்படி வையுங்கள். தலையின் நடுவிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில், அதாவது பெரும்பாலும் கைப்பிடியின் மத்தியில், எடையைத் தொங்கவிடுங்கள். பத்து கிலோ அரிசிப் பை இரண்டு போதும். 20 கிலோவை 9.81-ஆல் பெருக்கி 0.4-ஆல் பெருக்கினால் 78 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல். ரெஞ்சின் சொந்த எடை இன்னும் இரண்டு மூன்று சேர்க்கும். ஆக 80-இல் வைத்திருக்கும் நல்ல ரெஞ்ச், பைகளை மெதுவாக விடும்போது அந்தப் பக்கம்தான் கிளிக் ஆகும். ஐஎஸ்ஓ 6789 தரப்படி இந்த வகை ரெஞ்சுக்கு 4 விழுக்காடு ஏற்ற இறக்கம்தான் அனுமதி. என்னுடையது 80-இல் அசையவில்லை. 70-இல் இல்லை. 55-க்குக் குறைத்த பிறகு கிளிக் ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 55 என்று காட்டும்போது உண்மையில் 80-க்குச் சற்று மேல், அந்த விகிதத்தில் 103 என்று நம்பி நான் இறுக்கியது ஏறக்குறைய 150. ஸ்டட் முறிந்தது வீட்டு வாசலில். நெடுஞ்சாலையில் முறிந்திருந்தால்?

சரி, ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

இந்த வகை ஸ்டாண்டில் நடுத்தண்டில் பற்கள் இருக்கும். கைப்பிடியோடு சேர்ந்த ஒரு இரும்பு நாக்கு அந்தப் பற்களில் ஒன்றில் போய் உட்கார்ந்து எடையைத் தாங்கும். காரை நிறுத்திவைப்பது அந்த நாக்கு மட்டும்தான். விழுந்த பிறகு ஸ்டாண்டைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கு பல்லின் நுனியில் கால்வாசி அளவுக்குத்தான் பட்டிருந்த தடம் தெரிந்தது. பற்கள் வார்ப்பிலேயே வட்டமாக வழிந்திருந்தன. இன்னொரு ஸ்டாண்டிலும் அதே கதை. இரண்டு கால்கள் சேரும் இடத்தில் வெல்டிங் பொட்டுப் பொட்டாக, நடுவில் இடைவெளியோடு. பக்கவாட்டில் மட்டும் பெரிய வெள்ளை எழுத்தில் ‘3 டன்’.

இது ரோட்டோரச் சரக்குக்கு மட்டும் வரும் குறை என்று நினைக்காதீர்கள். 2020-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக் கடை நிறுவனமே, தான் விற்ற மூன்று டன், ஆறு டன் ஸ்டாண்டுகளை ஒரு மில்லியனுக்கும் மேல் திரும்பப் பெற்றது. தொழிற்சாலையில் அச்சு தேய்ந்துபோய், நாக்கு பல்லைச் சரியாகக் கவ்வவில்லை. மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் குறை வந்தது. ஆனால் அங்கே திரும்பப் பெற ஒரு நிறுவனம் இருந்தது, வாங்கியவர்களுக்குத் தகவல் போனது. எனக்கு இருந்தது ‘டூல்ஸ் 400’ என்ற காகிதம்.

திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது, வாடகைக்கு விடப்படும் என்று ஒட்டியிருந்தது. பதாகையில் இருந்த எண்ணைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அதுவும் சேவையில் இல்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கேட்டேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் அதே கேள்வியோடு வந்து போனார்களாம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று நண்பர் சொன்னார். நல்ல வழிதான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போனால் போதும். ‘திரும்பப் பெறப்படாது’ என்ற முத்திரையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதத்தை ஒரு முத்திரை குத்தி நீக்கிவிட முடியாது. ஆனால் படிவத்தில் யார்மேல் புகார் என்று எழுத வேண்டும். பெயரும் முகவரியும் வேண்டும். என்னால் நிரப்ப முடியாத இடம் அதுதான். ஆகவே அடுத்த தடவை எங்கே வாங்கினாலும் முதலில் ரசீதைக் கேளுங்கள். நிறுவனப் பதிவு எண் அச்சிட்ட ரசீது கிடைக்காத இடத்தில், காரைத் தூக்கும் எதையும் வாங்காதீர்கள், பத்து வெள்ளிக்குக் கொடுத்தாலும்.

நான் விலையுயர்ந்த டூல்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. என் வருமானத்துக்கு அது முடியாது. லோரோங் கூலிட் சந்தையில் காலையில் போனால், துருப்பிடித்த பழைய ஸ்பேனர்கள் சில வெள்ளிக்குக் கிடைக்கும். அவற்றில் ஜப்பான், ஜெர்மனி என்று அச்சோடு வார்த்த எழுத்து இருக்கும், மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்தால் உள்ளே நல்ல இரும்பு. வாய் விரிந்திருக்கிறதா, ஓரம் மழுங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அங்கே வாங்கிய நான்கு ஸ்பேனர்கள் இப்போது என் பெட்டியில் உள்ள சிறந்தவை. சாக்கெட்டை ஆறு முனையில், வேண்டிய அளவில் மட்டும், ஹார்ட்வேர் கடையில் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் மட்டும் பழையது வேண்டாம், பெயர் தெரியாததும் வேண்டாம். இப்போது வாங்கியிருக்கும் ஸ்டாண்டு பல் வகை இல்லை, தண்டின் குறுக்கே தடிமனான இரும்பு ஊசி செருகும் வகை. அந்த ஊசி மறுபக்கம் வெளியே வந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். விலை அந்த மொத்தச் செட்டில் பாதி.

பழைய இரும்புக்காரர் போன வாரம் வந்தார். அந்த இரண்டு ஸ்டாண்டையும் அப்படியே கொடுத்திருந்தால், பெயின்ட் அடித்து எங்காவது ஒரு சந்தையில் வேறொருவர் பத்து வெள்ளிக்கு வாங்குவார். அவர் வீட்டிலும் கூடவே நின்று கற்றுக்கொள்ளும் ஒரு பிள்ளை இருக்கும். அதனால் கிரைண்டரை எடுத்து நடுத்தண்டு இரண்டையும் நடுவில் அறுத்த பிறகுதான் லாரியில் ஏற்றினேன். அக்கா மகன்தான் எக்ஸ்டென்ஷன் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.