ஜவ்வரிசி இல்லைங்க, பெர்லைட்

என்னுடன் முன்பு வேலை பார்த்த ராணிப்பேட்டைத் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அக்கா, பெர்லைட் விலை குறைஞ்சிருக்கு. பெரிய மூட்டையா வாங்கிப் போட்டுடலாமா?" பெர்லைட் என்றால் தொட்டி மண்கலவையில் சேர்க்கும் லேசான வெள்ளைக் கல் உருண்டை. அவர் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் எங்கள் மொட்டைமாடி மழைநீர்க் குழாயைக் கழற்றி, உள்ளே அடைத்திருந்ததை ஒரு பக்கெட்டில் வழித்துப் போட்டிருந்தார்கள். பிளம்பர் அதை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, தர்மாகோலை ஒடச்சி உள்ள வுட்டுகிறீங்க?" என்றார். கூலி அறுநூறு ரூபாய். அந்தச் சூட்டில் தம்பியிடம் "வேண்டாம்ப்பா, வாங்காதே" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு உறுத்தியது. மூன்றரை வருஷமாக அதை வைத்துத்தானே செடி வளர்க்கிறேன்? கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நிதானம் எந்தப் பத்தி வரை தாங்கும் என்று சொல்ல முடியாது.

வீடு வேலூர் சத்துவாச்சாரியில், மாமனார் 1989-இல் கட்டியது. மேலே முப்பத்தாறு க்ரோ பேக். மண்கலவை என்ற விஷயத்துக்குள் நான் வந்ததே எடை காரணமாகத்தான். பன்னிரண்டு அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரம் உள்ள பையில் இருபது லிட்டருக்குமேல் பிடிக்கும். அதில் செம்மண்ணை மட்டும் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் முப்பத்தைந்து கிலோவாவது வரும். முப்பத்தாறு பையைப் பெருக்கிப் பார்த்த வீட்டுக்காரர், "செடி வேணுமா, வீடு வேணுமா?" என்றார். அதனால் தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் பாதிப்பாதி, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. முதல் வருஷம் அவ்வளவுதான்.

தை, மாசி வரை அருமையாகப் போனது. பங்குனியில் ஆரம்பித்தது வினை. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மாடித் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. நார்த்தூள் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. கட்டியாகச் சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகி நிற்கும். ஊற்றுகிற தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்கிக் கீழே ஓடிவிடும். மேலே ஈரம், கீழே ஈரம், நடுவில் விரலை விட்டால் தூசி. ஆறு கத்தரிச் செடிகள் அப்படித்தான் போயின. எல்லாம் இலவம்பாடி முள்ளுக் கத்தரி, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கினதே, அதே ரகம். விதை கொடுத்த அணைக்கட்டுப் பக்கத்து உறவுக்காரர் "மாடியில இது வராதும்மா" என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் சொன்னது பலித்துவிட்டதே என்ற கோபத்தில்தான் பெர்லைட் வாங்கினேன்.

பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிக் கல். உடைத்துச் சுமார் 870 டிகிரிக்குச் சூடாக்கினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, கல்லே பொரி மாதிரி பொரிந்துவிடும். அதில் உரம் ஏதும் கிடையாது. அதன் வேலை, கலவை இறுகிப்போகாமல் இடைவெளி கொடுப்பதும் வேருக்குக் காற்று விடுவதும்தான். ஐந்தில் ஒரு பங்கு கலந்தேன். மூட்டையைப் பிரித்ததும் எழுந்த தூசியில் ஒரு நாள் முழுக்க இருமினேன். பையைத் திறக்கும் முன்பே ஒரு சொம்புத் தண்ணீரை உள்ளே தெளித்துவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் கலக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானும் பையின் மேல் எழுதவில்லை.

பலன் என்னவென்று கேட்டால், நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஒன்பது மாதம் காய்த்து ஓய்ந்த ஒரு கத்தரியைப் பிடுங்கிப் பையோடு கவிழ்த்தேன். பெர்லைட் போடாத பழைய பையில் வேரெல்லாம் ஓரத்திலேயே சுற்றிக் கிடக்கும். நடுவில் புளித்த நாற்றம் அடிக்கும். இதில் வேர் நடு வரைக்கும் ஓடியிருந்தது. ஒரு வெள்ளை உருண்டையைப் பிய்த்து எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. முடி போன்ற சல்லிவேர்கள் அதன் குழிகளில் இறங்கி, கைக்குழந்தை விரலைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த வருஷம் நான்கு செடியில் பறித்த காய் எங்கள் வீட்டுக்குப் போக எதிர்வீட்டுக்கும் போனது. அணைக்கட்டு உறவுக்காரருக்கும் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினேன். "பரவால்லியே" என்று சொன்னாராம். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

சரி, புகழ்ந்தாயிற்று. இனி வயிற்றெரிச்சல்.

அது மிதக்கிறது. ஒரு லிட்டர் பெர்லைட் நூறு கிராம் எடைகூட வந்தால் அதிகம். எப்படி மிதக்காமல் இருக்கும்? தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் நாலைந்து உருண்டை மேலே வரும். ஒரு மாதத்தில் பையின் மேல்பரப்பு வெள்ளையாகிவிடும். காய்ந்தால் காற்றில் பறக்கும். மொட்டைமாடி முழுக்க, படிக்கட்டில், துவைத்துப் போட்ட துணியின் மடிப்பில், ஒருநாள் என் தலைப்பின்னலில்கூட. பெருக்கினால் துடைப்பத்துக்கு முன்னால் அதுவே ஓடும்.

இரண்டாவது கோடையில் அத்தை ஜவ்வரிசி வடாம் போட்டார். மாடியில் வேட்டியை விரித்து, ஆறு மணிக்கே கூழ் காய்ச்சி, கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டு இறங்கினார். பத்து மணிக்கு ஒரு காற்று. பிறகு போய்ப் பார்த்தால் வடாமில் எது ஜவ்வரிசி, எது பெர்லைட் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அத்தை ஒன்றை எண்ணெயில் போட்டுப் பார்த்தார். வடாம் பொரிந்தது, நடுவில் இருந்தது பொரியவில்லை. அது ஏற்கெனவே பொரிந்தது என்று விளக்கினேன். அந்த விளக்கத்தால் பயன் ஏதும் இல்லை. வேட்டியோடு சுருட்டிக் குப்பையில் போட்டார். அதன்பின் வடாம் எங்கள் நாத்தனார் வீட்டு மாடியில்தான் காய்கிறது.

இதற்கு மாற்றாக வெர்மிகுலைட் போட்டுப் பார்த்தேன். உள்ளூர் உரக்கடை ஒன்றில் பெயர் சொல்லிக் கேட்டதற்கு மண்புழு உரத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வெர்மிகம்போஸ்ட், வெர்மிகுலைட் இரண்டிலும் முன்னால் நிற்பது அதே லத்தீன் புழுதான். இந்தக் கல்லைச் சூடாக்கினால் புழுபோல நெளிந்து நீளும், அதனால் அந்தப் பெயர். அபிரகத்தின் (மைக்கா) சாதி, ஏடு ஏடாக விரிந்து பொன்னிறத்தில் மின்னும். தண்ணீரையும் பிடித்து வைக்கும், உரச் சத்தையும் ஒட்டி வைத்துக்கொள்ளும். பெர்லைட்டுக்கு இந்த இரண்டாவது குணம் கிடையாது. ஆன்லைனில் தபால் செலவோடு வரவழைத்தேன். ஜோலார்பேட்டையில் இருக்கும் இன்னொரு தம்பியிடம் பெருமையாகக் காட்டினேன். "இதுவா? நம்ம செவ்வாத்தூர்ல தோண்டுறாங்களே" என்றான். உண்மைதான். தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் வெர்மிகுலைட் சுரங்கம் திருப்பத்தூர் பக்கம் செவ்வாத்தூரில் இருக்கிறது. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் வரை அது எங்கள் வேலூர் மாவட்டம். சொந்த மாவட்டத்தில் கிடைக்கும் கல்லுக்கு நான் கூரியர் காசு கொடுத்திருக்கிறேன்.

கோடைக்கு வெர்மிகுலைட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. கீரை விதை, மிளகாய் நாற்று எல்லாவற்றுக்கும் இன்றும் அதுதான். ஆனால் இரண்டு வருஷத்தில் நசுங்கிக் கூழாகிவிடுகிறது. ஐப்பசி அடைமழையில் விடாமல் ஈரத்தைப் பிடித்துவைத்து வெண்டை வேரை அழுக வைத்துவிட்டது. பெர்லைட் அப்படி இல்லை. முதல் மூட்டையில் வாங்கியது இன்னும் அப்படியே இருக்கிறது. அதுதான் குழாய்க்குள் போய் உட்கார்ந்ததும்.

மற்ற கல்மாவுகளைப் பற்றிச் சுருக்கமாக. மணிச்சத்துக்காகப் போடும் பாறைத்தூளான ராக் பாஸ்பேட் ஐந்து கிலோ வாங்கினேன், நாலரை கிலோ மாடிப்படிக்குக் கீழே தூங்குகிறது. அது அமில மண்ணில்தான் கரையும். நீலகிரித் தேயிலைக்குச் சரி. எங்கள் போர் தண்ணீர், கரைந்த உப்பை அளக்கும் மீட்டரில் 1,200-க்குமேல் காட்டும். பை ஓரத்தில் படியும் வெள்ளைப் பொறுக்கில் எலுமிச்சையைப் பிழிந்தால் நுரைக்கும், அத்தனை சுண்ணாம்பு. அதில் ராக் பாஸ்பேட் எங்கே கரைவது? நீரில்லாத ஆறு என்று எங்கள் பாலாற்றைக் கிண்டல் செய்பவர்கள், நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரையும் ஒருமுறை குடித்துப் பார்க்கலாம். ஜிப்சம் சுண்ணாம்புச் சத்துள்ள நல்ல சரக்கு. ஆரணிப் பக்கம் பெரியப்பா மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போடுவார், காய் திரளும். அதை நம்பித் தக்காளியின் அடிப்பகுதி கருகுவதற்குப் போட்டேன். கருகுவது நிற்கவில்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினால், சுண்ணாம்புச் சத்து மண்ணில் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. காலையும் மாலையும் அளவாக ஊற்ற ஆரம்பித்ததும் நின்றது. செலவு பூஜ்யம்.

மிதப்பதை நிறுத்த என்னென்னவோ செய்தாயிற்று. மேலே இரண்டு அங்குலம் வெறும் செம்மண் போட்டேன், பாதி குறைந்தது. அணில் வந்து கிளறி மீதியை வெளியே கொண்டுவந்தது. குழாய் வாயில் கொசுவலை கட்டினேன். அதில் இலையும் பெர்லைட்டும் சேர்ந்து அடைத்து மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பயந்துபோய் வலையை அறுத்துவிட்டேன். அதன் விளைவுதான் அந்த அறுநூறு ரூபாய். இப்போது மூன்று பைகளில் ஆரணி ரைஸ்மில்லில் வாங்கிய உமியைச் சாம்பலாகாமல் கருக்கிக் கலந்து வைத்திருக்கிறேன். அதுவும் லேசு, அதுவும் கொஞ்சம் மிதக்கிறது. ஆனால் கறுப்பு. வடாமில் விழுந்தால் தெரியும்.

ஆக, தம்பி, என் பதில் அதேதான். வாங்காதே. என் கத்தரி வேர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது உண்மை. இந்த மூன்றரை வருஷத்தில் வாங்கினவற்றில் சொன்ன வேலையை முழுசாகச் செய்தது அது ஒன்றுதான், அதுவும் உண்மை. இருந்தாலும் வாங்காதே. குழாயிலிருந்து எடுத்ததையும் பழைய பைகளில் சலித்ததையும் கழுவிக் காயவைத்ததில் முக்கால் மூட்டை சேர்ந்திருக்கிறது. உன் வீட்டில் பால்கனிதான், வடாம் போட ஆளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு போ. வாயை இறுக்கிக் கட்டி வைக்கிறேன், சத்துவாச்சாரி தாண்டும் வரை அவிழ்க்காதே.