48,500 ரூபாய்க்குக் கறுப்பு டேப்: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று முன்தினம் இரவு ஏழரை மணியளவில், ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு வரும் வழியில், டெவோன் நீர்வீழ்ச்சியைத் தாண்டிச் சென்கிளையர் பக்கம் திரும்பும் வளைவொன்றில் என் காரின் இரண்டு முன்விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்துபோயின. மழையும் மூடுபனியுமாக இருந்தது. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பின் இருக்கையில் தங்கையும் அவளுடைய ஆறு வயது மகனும் இருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த விளக்குகளைச் சரிசெய்வதற்கென்று அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர்தான் 48,500 ரூபாயை எண்ணிக் கொடுத்திருந்தேன். எழுதும்போதும் கை நடுங்குகிறது. பயத்தினால் அல்ல.

கார் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றபோது அப்பா வாங்கியது. ஸ்ரீ இலக்கத்தகடு, ஒளியைத் தாழ்த்தக் காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச், மின்சாரம் உண்டாக்கும் டைனமோ, பற்றரியின் பொசிட்டிவ் முனை காரின் இரும்பு உடலான பொடியில் பூட்டப்பட்ட பழைய முறை என எல்லாம் அப்படியே இருக்கின்றன. இரண்டு மாதமாக விளக்குகள் தம் விருப்பத்துக்கு எரிந்தன. தார் நல்லதாக இருக்கும் இடத்தில் பிரகாசமாக இருக்கும். குழியில் சில்லு இறங்கினால் இடப்பக்க விளக்கு மங்கி மஞ்சளாகும். சில நேரம் டிம்மில் இரண்டும் அணைந்து, சுவிட்சை இரண்டு தரம் மிதித்தால் திரும்ப வரும். இடப்பக்க சிக்னலைப் போட்டால் அதே பக்கத்துச் சிறிய விளக்கும் அதனோடு சேர்ந்து கண் சிமிட்டும். இவற்றில் ஒவ்வொன்றும் பழுது இருக்கும் இடத்தை விரல் நீட்டிக் காட்டும் அடையாளம் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியவந்தது. வாகன வயரிங் செய்து பிழைப்பவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

காரைத் திருத்தக் கொடுத்த இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நகரொன்றில், பிரதான வீதியிலிருந்து கீழே இறங்கும் சந்தொன்றில் உள்ள வாகன வயரிங் வேலைத்தளம் என்பது போதும். நான் போனபோது வேலைத்தளக்காரர் பொனட்டைத் திறக்கவில்லை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, கதவின் மேல் கை வைத்து, "இந்த வண்டியை எனக்குத் தெரியும் சேர், சின்ன வயசுல உங்க அப்பா இதுல போறத பார்த்திருக்கேன்" என்றார். அப்பா இறந்து பதினொரு வருடங்கள் ஆகின்றன. அந்த ஒரு வாக்கியத்திலேயே நான் விழுந்துவிட்டேன் என்பதை இங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஸ்டூலைத் துடைத்து உட்கார வைத்தார், பையனை அனுப்பித் தேநீர் வரவழைத்தார், தன் குருவிடம் மொரிஸ் வயரிங் படித்த கதையைச் சொன்னார். நானும் ஆசிரியன், குருவைப் பற்றி ஒருவர் பேசினால் மனம் இளகிவிடுகிறது.

விழித்திருக்க வேண்டிய தருணம் ஒன்றும் வந்தது. எல்.ஈ.டி. பல்புகளைப் போட்டுப் பார்த்தார், எரியவில்லை. உடனே, "யாரோ பற்றரியைத் தலைகீழாகப் பூட்டியிருக்காங்க" என்று ஸ்பானரை எடுத்து முனைகளை மாற்றப் போனார். பொசிட்டிவ் முனை பொடியோடு சேரும் இந்தப் பொசிட்டிவ் எர்த் கார்களில் முனைகள் அப்படித்தான் இருக்கும் என்பதும், எல்.ஈ.டி.க்கு மின்சாரம் பாயும் திசை முக்கியம் என்பதும் மொரிஸ் வயரிங் படித்தவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவர் சிரித்து, "பாத்தீங்களா, சேர்கிட்ட நான் படிக்கணும்" என்றார். தவறை ஒப்புக்கொள்ளும் மனிதர் என்று அவர் மேல் எனக்கு இன்னும் மதிப்புக் கூடியது! காரை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டிய இடத்தில், முற்பணமாக 30,000 ரூபாயைக் கொடுத்தேன்.

முழு வயரிங்கும் உக்கிவிட்டது, புதிய செட் போட வேண்டும், விளக்குகளும் செத்துவிட்டன என்பது அவருடைய முடிவு. அந்த முடிவுக்கு வரும்வரை அவர் கையில் மீற்றரோ ஒரு சோதனை பல்போ இருக்கவில்லை. மூன்றாம் நாள் மிகுதி 18,500 ரூபாயையும் வாங்கிக்கொண்டு சாவியைத் தந்தார். பொனட்டுக்குள் எல்லாம் புதிய கறுப்பு டேப்பில் பளபளத்தன. பில் கேட்டேன். புத்தகம் முடிந்துவிட்டது, அடுத்த தடவை தருவதாகச் சொன்னார். கண்ணாடியும் பல்பும் ஒன்றாக மூடப்பட்ட பழைய சீல்ட் பீம் விளக்குகளைக் கேட்டேன். உடைந்துவிட்டதால் குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

விளக்குகள் அணைந்ததற்கு மறுநாள் காலையில் அழைத்தேன். "பற்றரி வீக் சேர், பற்றரியை மாத்துங்க." பற்றரி வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை என்றேன். "பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்." பழைய வண்டி என்பதற்காகத்தானே 48,500 ரூபாய் வாங்கினீர்கள் என்று கேட்டதும் சத்தம் தெளிவில்லை என்று வைத்துவிட்டார். பத்து மணிக்கு எடுத்த பையன், பாஸ் கொழும்புக்குச் சாமான் வாங்கப் போயிருப்பதாகச் சொன்னான். பின்னால் அவருடைய இருமல் கேட்டது. பிற்பகல் நேரில் போனேன். ஸ்டூலும் இல்லை, தேநீரும் இல்லை, அப்பாவின் பேச்சும் இல்லை. இன்னொருவருடைய வேனுக்கு அடியில் படுத்தபடியே, "பில் இருக்கா சேர்?" என்று மட்டும் கேட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்க நினைத்தேன். கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் எதைக் காட்டி முறையிடுவது?

நேற்று மாலை, டிப்போவில் பஸ் வயரிங் செய்து ஓய்வு பெற்ற அயலவர் ஒருவர் வந்து பார்த்தார். டேப்பைப் பிரித்தபோது உள்ளே இருந்தவை அதே துணி உறை போட்ட பழைய வயர்கள்தான். கண்ணுக்குத் தெரியும் முன்பகுதியில் மட்டும் இரண்டு முழம் புதிய வயர் இருந்தது, அதுவும் வானொலிப் பெட்டிக்குப் போடும் தடிப்பில். பழைய விளக்குகள் டிம்மில் 45 வாட். வேலைத்தளக்காரர் போட்டிருந்த பல்புகளின் அடியில் 100/90, அதாவது டிம்மில் 90 வாட், என்று எழுதியிருந்தது. இரண்டு 90 வாட் பல்புகள் 12 வோல்ற்றில் 15 அம்பியர் இழுக்கும், முன்பு இழுத்ததைப் போல இரு மடங்கு. அவ்வளவு மின்சாரமும் சுவிட்ச் வழியாகப் போகாமல் காக்கும் ரிலே இடையில் கிடையாது. இந்தக் காரில் முன்விளக்குகளுக்கு பியூசும் கிடையாது. சுவிட்சின் பின்புறம் கருகியிருந்தது. தீப்பிடிக்காமல் போனது எங்கள் அதிர்ஷ்டம் என்றார் அந்த ஐயா.

பிறகு மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் முனையிலும், மற்றதை இடப்பக்க விளக்கின் கறுப்பு வயரிலும் வைத்து, விளக்கை எரிய விட்டார். ஏறத்தாழ மூன்று வோல்ற் காட்டியது. எர்த், அதாவது மின்சாரம் பொடி வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு, நல்லதென்றால் அரை வோல்ற்கூட வரக் கூடாதாம். கறுப்பு வயரைப் பொடியில் பிடிக்கும் திருகாணியின் அடியில் துரு. இறுக்கம் தளர்ந்திருந்ததால் குழியில் இறங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டிருக்கிறது. சிக்னலோடு சிறிய விளக்கு சிமிட்டியதும் அதே எர்த்தினால்தான். டிம்மில் மட்டும் இரண்டும் அணைந்ததற்குக் காரணம் டிம் சுவிட்ச். ஈரச் சப்பாத்துத் தண்ணீர் வருடக்கணக்காக இறங்கி உள்ளே பச்சை பூத்திருந்தது. எமரித் தாளால் தேய்த்து, திருகாணியை மாற்றி, கருகிய சுவிட்சுக்கும் டிம் சுவிட்சுக்கும் பதிலாகத் தன் பெட்டியிலிருந்த பழையவற்றைப் போட்டு, அளவான பல்புகளையும் பூட்டித் தந்தார். சாமான்களுக்கும் கூலிக்குமாக 6,000 ரூபாய் வாங்கினார். 48,500 எங்கே, 6,000 எங்கே!

விளக்குப் பழுதைப் படிப்படியாகப் பார்க்கும் முறையையும் எழுத நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை, சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அளந்து பார்க்காமல் முழு வயரிங் என்று சொல்பவரிடம் காரை விடாதீர்கள். அளப்பதானால் விளக்கு எரியும்போது அளக்கச் சொல்லுங்கள். எரியாதபோது துருப்பிடித்த இணைப்பும் முழு 12 வோல்ற்றைக் காட்டிவிடும். ஒரு விளக்கு மட்டும் மங்கினால் அந்தப் பக்கத்து எர்த்தை முதலில் பாருங்கள். கழற்றிய சாமான்களை அன்றே கையில் வாங்குங்கள், பில் இல்லாமல் மிகுதிப் பணம் கொடுக்காதீர்கள். முற்பணம் 30,000 என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த சீல்ட் பீம் விளக்குகள் உடைந்தன என்பதை நான் நம்பவில்லை. நாளை சனிக்கிழமை, அந்தச் சந்தில் கூட்டமாக இருக்கும். வாடிக்கையாளர்கள் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போய்க் கேட்கப்போகிறேன்.